டாக்டர் வேலாயுதம் வரைந்த கோடு

முதுகெலும்பில் டி.பி. வரும் என்பது எனக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. டி.பி. வந்தவர்கள் இருமுவார்கள், ரத்தம் துப்புவார்கள், எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். நான் இருமவே இல்லை. எனக்கு இருந்தது வெறும் முதுகு வலி.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி என்று சுற்றிவரும் அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தும் பருத்தி எடுத்தும் என்னைப் படிக்கவைத்தவர்கள். பரளச்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் தெருவில், காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் நான்தான். அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டி வரும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

ஓடும் பஸ்ஸில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா? அப்படித்தான் நினைத்தேன். என்னுடன் வண்டி ஓட்டிய டிரைவர் முனியாண்டியும் அப்படித்தான் சொன்னான்.

"ஏலே குருசாமி, வேப்பெண்ணெயக் காய்ச்சித் தேச்சுட்டுப் படு. எனக்கெல்லாம் கழுத்துல இருந்து குதிகால் வரைக்கும் வலிக்கி. நான் சொல்றனா?"

எண்ணெய் தேய்த்தேன். சுளுக்கு எடுப்பவர் ஒருவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகின்மேல் ஏறி மிதித்தார். பிற்பாடு இதை டாக்டரிடம் சொன்னபோது, அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். நான் அன்றே படுத்த படுக்கையாகப் போயிருக்க வேண்டியவன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாலை நேரங்களில் லேசாகக் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை. என் மனைவி பேச்சியம்மா என் காக்கிக் கால்சட்டையின் இடுப்பை இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் விசில் கொடுத்துவிட்டுப் படியில் ஏறப் போனேன். வலது கால் எழவில்லை. காலைத் தூக்கு என்று நான்தான் சொல்கிறேன், கால் கேட்கவில்லை. டிக்கெட் பையோடு தரையில் விழுந்தேன்.

முனியாண்டி இறங்கி ஓடிவந்து என்னை அப்படியே தூக்கிக் கடைசி நீளச் சீட்டில் கிடத்தினான். பஸ்ஸில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சொன்னான்: "யாரும் கோவிச்சுக்கிராதீக. இனி எந்த ஸ்டாப்புலயும் நிக்காது. நேரா அருப்புக்கோட்ட, வேலாயுதம் டாக்டரு."

ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு அம்மாள் தன் கூடைக்குச் சும்மாடாக வைத்திருந்த சேலைத் துணியை என் தலைக்கு அடியில் வைத்தார்.

டாக்டர் வேலாயுதத்தின் ஆஸ்பத்திரி சிறியது. மொத்தம் ஆறு கட்டில்கள். ஆனால் உள்ளே நுழைகிறவர்கள் ஒரு நிமிடமாவது நின்று பார்ப்பார்கள். காத்திருக்கும் இடத்தில் இருந்த பெஞ்சுகள் எல்லாம் அவரே செய்தவை. இடுப்பு வலிக்காரர் உட்கார ஒருவிதச் சாய்வு, கர்ப்பிணிகளுக்கு அகலமாக ஒன்று, குழந்தைகளுக்குக் குட்டையாக ஒன்று. கைப்பிடிகளின் முனையில் அணில் செதுக்கியிருந்தார். சுவரெல்லாம் அவர் வரைந்த படங்கள்: வெடித்துக் கிடக்கும் கண்மாய், காய்கிற மிளகாய்க் களம், வெள்ளாடுகள், சீமைக் கருவேலம். கருவேல மரத்தைக்கூட ஒருவர் ஆசையாக உட்கார்ந்து வரைவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அவருடைய அப்பா மல்லாங்கிணறு பக்கம் மாட்டுவண்டி செய்த ஆசாரி. "அவரு வண்டி செஞ்சாரு. நான் வண்டியில ஏறுறவன ரிப்பேர் பாக்கேன்" என்பார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரம் வேய்ந்த பட்டறை ஒன்று இருந்தது. ஊன்றுகோல், மரக்கால், குழந்தைகளுக்கு நடைவண்டி எல்லாம் அங்கேதான் அவர் கையால் உருவாகும். அவர் நகக்கண்ணில் எப்போதும் மாவுக்கட்டு போடும் வெள்ளை மாவோ மரத்தூளோ இருக்கும். நோயாளியைத் தொடும் முன் ஐந்து நிமிடம் கை கழுவுவார். அதற்குள் நமக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

என்னைக் குப்புறக் கிடத்தி, விரல் முட்டியால் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். நடு முதுகில் ஓரிடத்தில் தட்டியபோது நான் அலறிவிட்டேன். அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது என்று பேச்சியிடம் தொட்டுக் காட்டினார். பிறகு என் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். பெருவிரல் கீழே மடங்குவதற்குப் பதிலாக மேல்நோக்கி விறைத்தது. மூளைக்கும் காலுக்கும் நடுவே எங்கோ தடை என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்தார்கள். உடம்புக்குள் புண் இருந்தால் அது வேகமாக இறங்குமாம். எனக்குச் சரசரவென்று இறங்கியது.

டாக்டர் என் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்து காட்டினார். தீப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் முதுகெலும்பு. நடுவில் இரண்டு பெட்டிகள் நசுங்கிக் கிடந்தன.

"இந்த ரெண்டு எலும்பையும் டி.பி. கிருமி தின்னுருக்கு. தின்ன எடத்துல சீழ் கட்டியிருக்கு. பின்னால ஒரு கயிறு போகுது பாரு, மூளையில இருந்து காலுக்குக் கரண்டு கொண்டுபோற கம்பி இதுதான். சீழ் அது மேல அமுங்குது."

"கம்பி அறுந்துருச்சா சார்?"

"அறுகல. அமுங்கித்தான் இருக்கு. அமுங்குனத எடுத்துவிடலாம்யா."

பேச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யா, இவுக நடப்பாகளா?"

"இன்னைக்கு எனக்குத் தெரியாதும்மா. தெரியும்போது மொதல்ல ஒங்கிட்டத்தான் சொல்லுவேன்."

எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் சந்தோஷப்பட்டிருப்போம். ஆனால் நம்பியிருக்க மாட்டோம்.

அசையாமல் படுத்துக் கிடப்பதும் வைத்தியத்தில் பாதி. அதற்காக எனக்கு மாவுக்கட்டில் ஒரு படுக்கை செய்தார். குப்புறப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து தொடைவரைக்கும் ஈரமான மாவுத்துணிகளை அடுக்கடுக்காகப் போட்டு இரு உள்ளங்கைகளாலும் வழித்துவிட்டார். மாவு இறுகும்போது சுடும். அந்தச் சூட்டில் அவர் கை என் முதுகின் மேடு பள்ளங்களை எல்லாம் தடவிக்கொண்டே போனது. வேலை செய்யும்போது பாடுவார். ராகம் என்று ஒன்றும் இருக்காது. அங்கே நர்ஸாக இருந்த ஸ்டெல்லா சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறுகியதும் கழற்றிய மாவு அச்சை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தார். "ஒம் முதுகு மாடியில காயுது, மழ வந்தா எடுக்கணும்" என்றார் சிஸ்டர். மழையாவது, வருவதாவது. காய்ந்ததும் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே பஞ்சு வைத்து, என்னை அதில் மல்லாக்க வைத்தார். ஒரு சுருக்கம்கூட உறுத்தவில்லை.

தினமும் ஒரு ஊசி. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிவப்பு மாத்திரை. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல்நாள் ரத்தம் என்று நினைத்து நான் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்பதால் டாக்டர் தன் கைக்கடிகாரத்தை என் காதருகே பிடித்து, "கேக்குதா? இப்ப?" என்று விலக்கிக்கொண்டே போவார்.

இரண்டாம் வாரம் ஒருநாள் என்னிடம் கேட்டார். "என்ன செஞ்சுக்கிட்டுக் கெடக்க?"

"உத்தரத்துல கரையான் அரிச்ச ஓட்டைய எண்ணிக்கிட்டுக் கெடக்கேன் சார்."

மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு மரச்சட்டத்தைக் கொண்டுவந்து கட்டிலில் பொருத்தினார். அதில் கீல் வைத்த ஒரு நிலைக்கண்ணாடி. கயிற்றை இழுத்தால் சாயும், விட்டால் நிமிரும். சரியான சாய்வுக்கு வந்ததும் ஜன்னலுக்கு வெளியே இருந்த தெரு முழுக்க என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. டீக்கடை, சைக்கிள்கள், தறிக்கு நூல் கோன் ஏற்றிப் போகும் தள்ளுவண்டி. எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரிந்தன. சிறிது நேரத்தில் முனைதிரும்பி என் பஸ் வந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

முனியாண்டிக்கு விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு முறை ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். மூன்றாம் நாள் டாக்டர் தெருவில் இறங்கிப் பஸ்ஸை மறித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஹாரன் அடிக்கிற கழுத எவன்டா?"

"சார், உள்ள எங்க கண்டக்டரு கெடக்கான். அவனுக்குத்தான்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவ அடி போதும். ரெண்டு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அந்த நாட்களில் உடம்பைவிட வேறொன்று என்னை அதிகம் வாட்டியது. எனக்கு டி.பி. என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வயது மகள் வள்ளி என் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் அவளை என்னிடம் கொண்டுவரவே இல்லை. கடைசியில் ஒருநாள் கூட்டிவந்தார். வள்ளியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, அறை வாசலிலேயே நின்றார். அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கண்ணெதிரே டி.பி.யில் எங்கள் தெருவில் பலர் செத்திருக்கிறார்கள்.

டாக்டர் அவரைப் பார்த்தார். என் தலைமாட்டில் நான் பாதி குடித்துவைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, வாய் வைத்து, மீதி முழுவதையும் குடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் அண்ணனிடம் சொன்னார்:

"நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டேன், நல்லாருக்கு. சளிய மூணு நாளு சோதிச்சாச்சு, கிருமி இல்ல. இவருக்கு எலும்புக்குள்ள இருக்கு. எலும்புல இருக்கது எட்டிக் குதிச்சு ஒட்டாது. புள்ளைய விடுங்கய்யா."

அண்ணன் கையை விட்டார். வள்ளி ஓடிவந்து கட்டிலில் ஏறி என் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். அண்ணன் துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு வாராவாரம் வந்து எனக்குச் சவரம் செய்துவிட்டது அவர்தான்.

ஆனால் கால்கள் மோசமாகிக்கொண்டே வந்தன. தினமும் காலையில் டாக்டர் ஒரு பஞ்சுத் துணுக்கையும் ஊதாப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வருவார். பாதத்திலிருந்து பஞ்சால் தடவிக்கொண்டே மேலே வருவார். எந்த இடத்தில் "இப்பத் தெரியுது சார்" என்று நான் சொல்கிறேனோ அங்கே என் தோலில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒவ்வொரு பக்கத்திலும் என் உருவத்தை வரைந்து, மரத்துப்போன பகுதியை மட்டும் பென்சிலால் தீற்றி வைப்பார். முகம்கூட என் முகமேதான். ஒரு டாக்டர் எதற்கு என் மீசையைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும் என்று கேட்டேன். "காலுக்கு மட்டுமா வைத்தியம் பாக்கேன்?" என்றார்.

முதல் வாரம் கோடு முழங்காலில் இருந்தது. இரண்டாம் வாரம் தொடைக்கு வந்தது. மூன்றாம் வாரம் இடுப்பு. நோட்டில் என் உடம்பு கீழிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. நான் கேட்டால் அவர் மறைக்காமல் காட்டுவார். கோடு தொப்புளைத் தொட்ட அன்று எனக்குச் சிறுநீர் பிரியவில்லை. குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள்.

சொன்ன சொல்படி, டாக்டர் முதலில் பேச்சியைத்தான் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள். மருந்து மட்டும் போதாது, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும். முதுகின் பக்கவாட்டில் விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அந்த வழியாகச் சீழை வெளியேற்ற வேண்டும்.

நான் மாட்டேன் என்றேன். முதுகில் கத்தி வைத்தால் அத்தோடு கால் போய்விடும் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருந்தேன். பேச்சி கெஞ்சினாள். அண்ணன் அதட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னால் திருப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. அன்று மாலை கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தார். மாவில் செதுக்கிய முதுகெலும்பு. ஒரு சாண் உயரம் இருக்கும். என் எக்ஸ்ரேயில் இருந்ததுபோலவே நடுவில் இரண்டு எலும்பு நசுங்கி இருந்தது. பின்னால் மெத்தென்று ஒரு வெள்ளைக் கயிறு ஓடியது. நசுங்கிய இடத்தில் ஈரப் பஞ்சை அடைத்திருந்தார். அந்த இடத்தில் கயிறு வளைந்து பிதுங்கி நின்றது.

"பக்கவாட்டுல கையக் குடுக்கப் போறோம். கயித்தத் தொடவே போறதில்ல. பாரு."

ஒரு சின்ன இடுக்கியால் பக்கத்திலிருந்து பஞ்சைத் துணுக்குத் துணுக்காக எடுத்தார். கடைசித் துணுக்கு வெளியே வந்ததும் கயிறு மெதுவாக நேராகி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"இன்னொரு தடவ காட்டுங்க சார்."

மறுபடி அடைத்தார், மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை இடுக்கியை என் கையில் கொடுத்தார். பஞ்சை நானே எடுத்தேன். "போவோம் சார்" என்றேன்.

முனியாண்டி லீவு போட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் வேனைக் கொண்டுவந்தான். மாவுப் படுக்கையோடு என்னைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். டாக்டர் என் தலைமாட்டில் வேனின் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். பள்ளமென்றும் மேடென்றும் பாராமல் பஸ்ஸைப் பறக்கவிடும் முனியாண்டி, அன்று காரியாபட்டி தாண்டுவதற்குள் மாட்டுவண்டிகூட எங்களை முந்திவிடும் வேகத்தில் ஓட்டினான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்னால், "சார், ஒரு பள்ளம் வருது, தலையப் புடிச்சுக்கங்க" என்று குரல் கொடுப்பான். டாக்டர் இரு கைகளாலும் என் தலையைத் தாங்கிக்கொள்வார்.

மதுரையில் ஆபரேஷன் செய்தவர் டாக்டருடன் ஒன்றாகப் படித்தவர். மயக்க மருந்து கொடுக்கும்வரை டாக்டர் என் பக்கத்திலேயே நின்றார். கிட்டத்தட்ட ஒரு டம்ளர் சீழ் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். நல்லபடியாக முடிந்தது என்றும் சொன்னார்கள். ஆனால் கோடு இறங்கவில்லை. ஒருநாள், இரண்டு நாள், ஒரு வாரம். அந்தப் பெரிய வார்டில் பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களின் வீட்டார் பேச்சிக்கு ரசமும் இட்டிலியும் பகிர்ந்து கொடுத்தார்கள். எல்லாரும் என் காலைப் பார்ப்பார்கள், பிறகு வேறு எதையாவது பேசுவார்கள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் பஸ் பிடித்து வந்திருந்தார். வழக்கம்போல் பஞ்சை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்தபோது தெரிகிறது என்றேன். அவர் மறுபடி தடவினார். மறுபடி சொன்னேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

வராந்தாவில் பேச்சி அழும் சத்தம் கேட்டது. கேவிக் கேவி அழுதாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். காக்கிச் சட்டை, வள்ளி, ஊருக்குப் போகும் செம்மண் பாதை, எல்லாம் ஒரு நொடியில் மனதில் வந்து போயின. பேச்சி உள்ளே ஓடிவந்தாள். மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன, வாய் சிரிக்கிறது.

"கோடு எறங்கிருச்சுங்க! நாலு விரக்கட எறங்கிருச்சாம்!"

அவளுக்குப் பின்னால் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "மொதல்ல அவகிட்டச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்லய்யா" என்றார்.

பிறகு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அதே கட்டிலில் பல மாதங்கள். கோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குழாயை எடுத்தார்கள். ஒருநாள் இடது பெருவிரல் அசைந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் அடுத்த கட்டில்களில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மாதங்களில் ஒருநாள் டாக்டர் நோட்டை விரித்து என் நெஞ்சில் வைத்தார். "இதப் பாரு" என்றார். நான் என் படத்தைத்தான் எதிர்பார்த்தேன். அது பேச்சி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. மல்லாக்கக் கிடக்கிறவனுக்குத் தெரிந்தது குனிந்து சிரிக்கும் ஒரு முகம் மட்டும்தான். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். ஆஸ்பத்திரியில் வாங்கும் முட்டையும் பாலும் என் வாய்க்குள்தான் வந்துகொண்டிருந்தன.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீ சொல்லு" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அன்று மத்தியானம் கயிற்றை இழுத்துக் கண்ணாடியைத் தெருவிலிருந்து அறைக்குள் திருப்பினேன். தரையில் உட்கார்ந்திருந்த பேச்சி முழுதாகத் தெரிந்தாள்.

"இங்கனயே ஒக்காந்து சாப்புடு. நான் பாக்கணும்."

"எதுக்குங்க? பெறகு..."

"இப்பவே. எனக்கு முன்னால."

ஸ்டெல்லா சிஸ்டர் டாக்டர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வாங்கிவந்து வைத்தார். பேச்சி வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு கவளம் எடுத்தாள். பிறகு வேகமாகச் சாப்பிட்டாள். எத்தனை நாள் பசியோ. நான் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவள் சாப்பிடும் நேரத்துக்குத் தெருவை விட்டுவிடுவேன். அந்த நேரத்தில் முனியாண்டி வந்தாலும் ஹாரன் சத்தம்தான் எனக்கு, பஸ் இல்லை.

எழுந்து நிற்பதற்கு முன் டாக்டர் தோலும் அலுமினியப் பட்டையும் வைத்து என் முதுகுக்கு ஒரு கவசம் தைத்தார். ஊசி நூலைப் பல்லால் கடித்து இழுத்து அவரே தைத்தார். பட்டறைக்கு முன்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கைப்பிடி நட்டிருந்தார், ஒரு சிராய் இல்லாமல் இழைத்து. அதைப் பிடித்துக்கொண்டு முதல்முறை நின்றபோது தலை சுற்றியது. தரை எவ்வளவோ கீழே இருப்பதுபோல் தெரிந்தது. "விழுந்தா புடிக்க ஆளு இருக்கு, நட" என்றார். நான்கு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் அவர் நெஞ்சின்மேல் விழுந்தேன். சட்டையில் மரத்தூள் மணம்.

ஒரு வருஷம் கழித்து டெப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். மறுவருஷம் திரும்பவும் பஸ்ஸில் ஏறினேன். ஊசியும் மாத்திரையும் முழுதாக முடியும்வரை டாக்டர் என்னை விடவில்லை. ஒருநாள் தவறினாலும் முனியாண்டியிடம் சொல்லி அனுப்பிவிடுவார். நடு முதுகில் அந்தச் சின்ன மேடு இன்றும் இருக்கிறது. வேறு குறை ஒன்றும் இல்லை. ஆடு இரண்டை விற்றோம், பேச்சியின் கம்மல் கொஞ்ச நாள் அடகுக் கடையில் இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்கு நஷ்டம். அவர் எங்களிடம் மருந்து விலையைத் தவிர வேறெதுவும் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் டாக்டர் போய்விட்டார். காலையில் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு, பட்டறையில் யாருக்கோ ஊன்றுகோல் இழைத்துக்கொண்டிருந்தாராம். களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஸ்டெல்லா சிஸ்டர் காபி கொண்டுபோனபோது மூச்சு இல்லை. மாரடைப்பு. அவர் செய்த பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் நகர்த்தி, காத்திருக்கும் இடத்தின் நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நானும் பேச்சியும் போனோம். அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டேன். சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். நகக்கண்ணில் எதுவும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

அன்று எனக்கு மத்தியான டூட்டி. லீவு சொல்ல மனமில்லை. டாக்டரும் தன் வேலைக்கு லீவு சொல்லியிருக்க மாட்டார். வண்டி புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் முழுக்க அவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்தான். மரக்கால் வைத்த ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

"எம்மேல அவுகளுக்குத் தனிப் பிரியம். இந்தக் கால நாலு தடவ மாத்திச் செஞ்சாக, எனக்கு உறுத்தக் கூடாதுன்னு. வேற யாருக்கும் அப்படிச் செய்ய மாட்டாக."

முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பினார். "பெரியவரே, எங்க வீட்ல மட்டுந்தான் டீ குடிப்பாரு. எம் மகளத் தன் மக மாதிரி வச்சிருந்தாரு. எங்க மேலதான் அவருக்கு உசுரு."

"எங்க வீட்லயும் குடிச்சிருக்காரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க அப்பாவப் படம் போட்டுக் குடுத்துருக்காரு."

"எனக்குந்தான் போட்டுக் குடுத்தாரு!"

சண்டையே வந்துவிடும்போல் இருந்தது. பெரியவர் மரக்காலால் தரையைத் தட்டி, தன்னைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று சாதித்தார். அந்த அம்மாள் விடவில்லை. அவருக்குக் குரல் உடைந்தது, பெரியவருக்கும் உடைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றார்கள்.

நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்னால் வந்து முனியாண்டியின் சீட்டுக்குப் பின்னால் நின்றேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் கேட்டான்.

"ஏலே, நீ ஒண்ணும் சொல்லலியா? ஒன்னையத்தான அவருக்கு ரொம்பப் புடிக்கும்?"

நானும் அத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் நெசத்தத்தான் சொல்றாக" என்றேன்.